தகவலாளி எண் இரண்டின் விலகல் விண்ணப்பம்

அனுப்புநர்: எடையளவு ஆய்வாளர் (பணி நிறைவு), அதாவது தங்கள் மாணவியின் ஆராய்ச்சியில் தகவலாளி எண் இரண்டு.

பெறுநர்: துறைத் தலைவர் அம்மையார், பயன்பாட்டுச் சமூக அறிவியல் துறை.

பொருள்: ஒப்புதலைத் திரும்பப் பெறுதல் தொடர்பாக.

பார்வை: என் மகள் நீட்டிய படிவமும், அதில் நான் படிக்காமல் போட்ட கையெழுத்தும்.

மதிப்பிற்குரிய அம்மையார் அவர்களுக்கு,

வணக்கம். நான் நலமாக இருக்கிறேனா இல்லையா என்பதைத் தங்கள் மாணவி வேளாவேளைக்கு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வருவதால், அதைத் தாங்கள் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். தாங்கள் நலமா என்று பார்த்துக் குறித்துவைக்க என்னிடம் ஆள் இல்லாததால், இந்தக் கடிதம் மூலமாகவே விசாரித்துக்கொள்கிறேன்.

முதலில் என்னைப் பற்றி. நான் எடையளவுத் துறையில் முப்பத்தோரு வருடம் ஆய்வாளராக இருந்து, போன ஆண்டின் கடைசி நாளில் ஒரு சுவர்க்கடிகாரத்தோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டவன். (அந்தக் கடிகாரம் ஒரு நாளைக்கு நாலு நிமிடம் பிந்துகிறது. அதை வெளியே சொன்னால் நன்றிகெட்டவன் என்பார்கள்.) கடைத்தெருவில் எனக்கு வைத்த பெயர் ‘படிக்கல்’. என் சொந்தத் தங்கையின் வீட்டுக்காரர் கடைத் தராசு கிலோவுக்கு ஆறு கிராம் இடித்தது என்று முத்திரை போட மறுத்தவன் நான். அன்றிலிருந்து தங்கை என் வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை. இருந்தாலும் ஆறு கிராம் ஆறு கிராம்தான், அம்மா. ஐந்து என்றும் எழுதமாட்டேன், ஏழு என்றும் எழுதமாட்டேன். அப்படிப்பட்டவனின் ஒரே மகள்தான் தங்கள் துறையில் படிக்கிறாள். என்ன படிக்கிறாள் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லி நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. மாடி வீட்டுக் கணக்கு வாத்தியார் ஒருநாள் படிக்கட்டில் மறித்து, “பொண்ணு என்ன படிக்குது?” என்றார். “அப்ளைடு சோஷியல் சயின்ஸ் சார்” என்றேன். “அப்ளை பண்ணியாச்சா? சபாஷ். சீட்டு எப்ப கெடைக்கும்?” என்றார். “கெடைச்சு ரெண்டு வருஷம் ஆச்சு சார், படிப்போட பேரே அதுதான்.” “அப்ளை பண்ணதுக்கே ரெண்டு வருஷமா? காலம் கெட்டுப்போச்சு” என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து என்னைக் கண்டால் “வந்துச்சா?” என்று கேட்கிறார். நானும் “இன்னும் இல்ல” என்று சொல்லப் பழகிவிட்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பணி நிறைவுக்குப் பிறகு என் கை சும்மா இருக்கவில்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாக, ஒரு செவ்வாய்க்கிழமை பகலில், என் மனைவி வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்துச் சமையலறைக்குள் நுழைந்தேன். (அவள் காது பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். ஊரார் காதிலெல்லாம் கருவியை மாட்டி, சத்தம் கேட்கிறதா என்று கேட்பது அவள் தொழில்.) அங்கே அரிசி அளக்கும் எவர்சில்வர் குவளை இருந்தது. அவள் தன் முதல் சம்பளத்தில் வாங்கியது, கல்யாணமாகி என் வீட்டுக்கு வரும்போது கையோடு கொண்டுவந்தது. அடியில் கால் லிட்டர் என்று பொறித்திருக்கும். பொறித்திருப்பதை நம்பி எனக்குப் பழக்கம் இல்லை. என் அளவுசாடியை எடுத்து ஊற்றிப் பார்த்தால் பதினெட்டு மில்லி குறைவு. மூன்று தடவை அளந்தேன், மூன்று தடவையும் பதினெட்டு. பழக்க தோஷம் யாரை விட்டது? மேசை இழுப்பறையில் மிச்சமிருந்த சிவப்புச் சீட்டு ஒன்றில் ‘நிராகரிக்கப்பட்டது’ என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டு, குவளையில் ஒட்டி, விதிப்படி அதைப் புழக்கத்திலிருந்து அகற்றினேன். அகற்றினேன் என்றால், தெருவில் போன பழைய சாமான்காரரின் வண்டியில் போட்டுவிட்டேன். சாயங்காலம் அவள் வந்ததும் நடவடிக்கை விவரத்தைப் பெருமையாகவே சொன்னேன். அவள் அரிசி டப்பாவைத் திறந்தாள், மூடினாள். என்னைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்து, “உங்கப்பாகிட்ட கேளு, இருபத்தாறு வருஷமா அந்தக் குவளையில அளந்து போட்டதைத் தின்னுதானே இந்த ஒடம்பு வந்துச்சு? அப்பல்லாம் எங்க போச்சு இந்த அளவு?” என்றாள். நானும் மகளைப் பார்த்து, “உங்கம்மாகிட்ட சொல்லு, கொறவுன்னா கொறவுதான்” என்றேன். அன்றோடு எங்களுக்குள் பேச்சு நின்றது. இன்று பதினேழாம் நாள்.

பேச்சு நின்றது என்றால் தாங்கள் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எங்கள் வீட்டில் பேச்சு நின்றால்தான் பேச்சே அதிகம். ‘உங்கப்பாகிட்ட சொல்லு’, ‘உங்கம்மாகிட்ட கேளு’ என்று நாளெல்லாம் நடக்கும். மூவரும் ஒரே மேசையில்தான் உட்கார்ந்திருப்போம். அவள் சொல்வது என் காதில் தெளிவாக விழும். ஆனாலும் மகள் திரும்பி என்னிடம் சொன்ன பிறகுதான் நான் கேட்டதாக அர்த்தம். நாலு நாள், ஐந்து நாள் இப்படி ஓடும். அப்புறம் ஒருநாள் யாராவது ஒருவர் மறந்துபோய் நேராகப் பேசிவிடுவோம், சண்டை முடிந்துவிடும். இந்த ஒழுங்கில்தான் தாங்கள் கைவைத்தீர்கள். சண்டையின் மூன்றாம் நாள் காலையில், “உங்கம்மாகிட்ட கேளு, என் மூக்குக்கண்ணாடியைப் பாத்தாளான்னு” என்று மகளிடம் சொன்னேன். அவள் அசையவில்லை. பையிலிருந்து ஒரு நீல நோட்டை எடுத்தாள்.

“அப்பா, இன்னிலேர்ந்து நான் இந்த வீட்ல பார்வையாளர். எதுலயும் தலையிடக் கூடாது. எங்க மேடம் கண்டிப்பா சொல்லிட்டாங்க.”

“கண்ணாடி எங்கன்னு கேக்குறது தலையீடாடி?”

“செய்தியை நான் கொண்டுபோனா தரவு கெட்டுப்போயிடும்பா. நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?”

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. முந்தின வாரம் நான் செய்தித்தாளில் மூழ்கியிருந்தபோது அவள் ஏதோ ஒரு படிவத்தை முழுதாக வாசித்துக் காட்டினாள். நான் “ம்” கொட்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். என் மனைவி அதை இரண்டு தடவை படித்துவிட்டு, ஒரு எழுத்துப் பிழையையும் திருத்திவிட்டுப் போட்டாளாம். அதனால்தானோ என்னவோ அவள் தகவலாளி எண் ஒன்று, நான் இரண்டு. ஆராய்ச்சியின் தலைப்பு ‘குடும்பத்துக்குள் செய்திப் பரிமாற்றமும் இடையாளரும்’. எங்கள் வீட்டுக்குப் பெயர் ‘களம்’. போர்க்களம் என்று நான் திருத்தச் சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டாள்.

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள், எங்கள் தேர் அன்றோடு குடை சாய்ந்தது. என் மனைவி ஃபிரிட்ஜிடம் சொல்லிப் பார்த்தாள்: “பால் தீந்துபோச்சு.” ஃபிரிட்ஜிடம் சொன்னதை நான் எடுத்துக்கொண்டால் என் மரியாதை என்ன ஆவது? நான் போகவில்லை. மறுநாள் மனசு கேட்காமல் போனேன், அதே நேரம் அவளும் வேறு கடைக்குப் போயிருக்கிறாள். ஆளுக்கு நாலு பாக்கெட். இதெல்லாம் சில்லறை. பெரியது ஒன்பதாம் நாள் நடந்தது. சலவை இயந்திரம் நின்றுவிட்டதென்று மெக்கானிக் வந்தார். நல்ல மனிதர், வெளியாள், இரண்டு பக்கத்துக்கும் பொது. என் மனைவி முகத்தில் பதினைந்து நாள் கழித்துத் தபால்காரரைக் கண்ட மாதிரி ஒரு வெளிச்சம். “அவர்கிட்ட கேளுங்க, வடிகட்டியை யார் கழட்டினதுன்னு” என்றாள். மெக்கானிக் என்னைப் பார்த்து, “சார், வடிகட்டியை யார் கழட்டினதுன்னு அம்மா கேக்குறாங்க” என்றார். “நான்தான்னு சொல்லுங்க.” “அம்மா, சார்தானாம்.” “கழட்டத் தெரிஞ்சவருக்கு மாட்டத் தெரியாதான்னு கேளுங்க.” இப்படியே நாற்பது நிமிடம். இயந்திரத்தில் பத்து நிமிட வேலைதான். மனிதர் சலிக்காமல் திரும்பித் திரும்பிக் கழுத்து சுளுக்கிக்கொண்டதுதான் மிச்சம். கடைசியில் தண்ணீர் வரும் ரப்பர் குழாயைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, என் மனைவியிடம், “கொழாயைத் திறந்துடாதீங்கம்மா” என்று சொல்லி, ஏதோ வாஷர் எடுக்க வண்டிக்குப் போனார். குழாய்ப் பக்கத்தில் நின்றவன் நான். இடையில் ஆள் இல்லை. அவள் கூரையைப் பார்த்து, “கொழாயைத் திறக்கக் கூடாதாம்” என்றாள். என் காதில் விழுந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கூரைக்குச் சொன்னது கூரைக்குத்தானே? கை அழுக்காக இருந்தது. திறந்தேன். அம்மா, அந்தத் தண்ணீர் வந்த வேகத்தை நான் சொல்லி முடியாது. தரைவிரிப்பு மிதந்தது, என் செருப்பு ஒன்று கூடத்துக்குப் போய்விட்டது. தங்கள் மாணவி என்ன செய்தாள் தெரியுமா? முக்காலியை இழுத்துப் போட்டு, மேலே ஏறி நின்று, நேரம் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். ஓடிவந்த மெக்கானிக், “சார், உங்களுக்குக் காது கேக்காதா?” என்றார். “காதெல்லாம் நல்லாக் கேக்கும்ங்க, நானே டெஸ்ட் பண்ணிருக்கேன்” என்றாள் என் மனைவி. “கேட்டுக்கறதுதான் கெடையாது.” போகும்போது மெக்கானிக் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “மெஷினுக்கு ஆறு மாசம் வாரன்ட்டி சார். மத்ததுக்கு நான் பொறுப்பில்ல” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பதினான்காம் நாள் மழை. நான் சில நாட்களாகப் பிற்பகல் மூன்று மணிக்கு வெளியே போய் ஐந்துக்கு வருகிறேன். எங்கே போகிறேன் என்பது ஆராய்ச்சிக்குத் தேவையில்லாதது. (‘தகவலாளி 2 மீண்டும் காணவில்லை’ என்று நோட்டில் இருக்கிறதாம். இருக்கட்டும்.) அன்று காலை என் மனைவி, சாவியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவதாகச் செருப்பு அலமாரியிடம் சொல்லியிருக்கிறாள். நானும் என் சாவியை உள்ளேயே வைத்துவிட்டுப் போவதாக நாட்காட்டியிடம் சொல்லியிருக்கிறேன். கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும் ரகம். ஐந்து மணிக்கு நான் வந்து படிக்கட்டில் மேல் படியில் உட்கார்ந்தேன். ஐந்தேகாலுக்கு அவள் வந்தாள், மூன்று படி கீழே உட்கார்ந்தாள். ஐந்தரைக்கு மகள் வந்தாள். எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். மழை சாரலடித்தது. கணக்கு வாத்தியார் குடையோடு இறங்கிவந்து, எங்கள் மூவரையும் ஏற இறங்கப் பார்த்து, “வந்துச்சா?” என்றார். “இன்னும் இல்ல” என்றேன். யாருக்கும் சொல்லாத மாதிரி என் மனைவி, “குளுருது” என்றாள். நான் என் கம்பளிச் சட்டையைக் கழற்றினேன். அவள் கையில் கொடுப்பதற்கு வெட்கம். நடுப்படியில் வைத்தேன். அது அங்கேயே கிடந்தது. அப்புறம் அவள் எடுத்துப் போட்டுக்கொண்டாள். நாலு நிமிடம் ஆனது என்று பிறகு நோட்டில் பார்த்தேன். எனக்கென்னவோ நாலு வருடம் மாதிரி இருந்தது. ஒரு மணி நேரம் இருபது நிமிடம் கழித்து மகள் எழுந்தாள், பாவாடையைத் தட்டிவிட்டாள், பைக்குள்ளிருந்து சாவியை எடுத்துக் கதவைத் திறந்தாள்.

“சாவி உங்கிட்ட இருந்துச்சா?” என்று நானும் என் மனைவியும் ஒரே நேரத்தில், ஒரே குரலில் கேட்டோம். பதினான்கு நாளில் நாங்கள் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான்.

“இருந்துச்சு. கொடுத்தா தலையீடு. ஆனா இப்ப எனக்குப் பசிக்குது” என்றாள். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள், பதினொன்றாவதாக ஆராய்ச்சியும் பறக்கும் என்பதைத் தாங்கள் பாடத்தில் சேர்க்கலாம்.

அதற்கடுத்த நாள் அந்த நீல நோட்டைப் படித்துவிட்டேன். படிக்கக் கூடாதுதான். ஆனால் ஓர் ஆய்வாளன் கண்முன்னே பதிவேட்டை விரித்துவைத்துவிட்டுக் குளிக்கப் போனது அவள் தப்பு. வட்டம் வட்டமாகப் போட்டு, அம்புக்குறி இழுத்து வைத்திருக்கிறாள். பழைய ஞாபகத்திலிருந்து ஒரு சாதாரண வாரத்துக்கு மதிப்பிட்டிருக்கிறாளாம்: மகள் வழியாகப் போன செய்திகள் நூற்று முப்பத்தொன்று, நேராகச் சொன்னவை மூன்று. அந்த மூன்றும் ‘லைட்டை அணை’. கீழே ஒரு கோடு இழுத்து, ‘தகவலாளி 2 மன்னிப்புக் கேட்டது: 0’ என்று போட்டிருக்கிறாள். பூஜ்யத்தைப் பார்த்து எனக்குப் பழக்கம் உண்டு, அம்மா. தராசின் முள் பூஜ்யத்தில் நின்றால் தராசு சரி என்று அர்த்தம், இல்லையென்றால் தட்டில் யாரும் ஒன்றும் வைக்கவில்லை என்று அர்த்தம். இது இரண்டாவது. அதுகூடப் பரவாயில்லை. பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. அதை அப்படியே எழுதுகிறேன்: ‘நான் கொண்டுபோன முதல் செய்தி. வயது ஆறு. அம்மா: “உங்கப்பாகிட்ட போய், நான் கோவமா இருக்கேன்னு சொல்லு.” நான் போய், “அப்பா, நான் கோவமா இருக்கேன்” என்று சொன்னேன். அப்பா எனக்கு பலூன் வாங்கித் தந்தார்.’

அந்த பலூன் எனக்கு நினைவிருக்கிறது. மஞ்சள் நிறம். குழந்தைக்குக் கோபம் என்று நினைத்து வாங்கிக் கொடுத்தேன். அன்று உண்மையில் யாருக்குக் கோபம் என்று இப்போதுதான் தெரிந்தது, எதற்குக் கோபம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நோட்டை மூடி இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

ஆகவே நான் விலகுகிறேன். படிவத்தின் ஒன்பதாம் பிரிவில், எந்தக் காரணமும் சொல்லாமல் எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று இருக்கிறது. காரணம் கேட்காதவர்களுக்கே இவ்வளவு சொல்லியிருக்கிறேன். நான் விலகினால் பாதித் தரவு போய்விடும், ஆறு மாதத் தயாரிப்பு வீண், அடுத்த ஆண்டு வேறு களம் தேட வேண்டும் என்று மகள் சொன்னாள். சொல்லிவிட்டு, “பரவால்லப்பா, அது உங்க உரிமை” என்றாள். சண்டை போட்டிருந்தால் சமாளித்திருப்பேன், இந்தப் ‘பரவால்ல’வைத்தான் சமாளிக்க முடியவில்லை. அதனால் தங்களுக்கு இன்னொரு வழியும் சொல்கிறேன். அவளுக்கு ஒரே ஒரு நாள் விலக்குக் கொடுங்கள். ஒரே ஒரு செய்தியைக் கொண்டுபோக விடுங்கள். அது பாலைப் பற்றியோ வடிகட்டியைப் பற்றியோ அல்ல. அதைச் சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லை. முப்பத்தோரு வருடம் கடைக்காரர்களிடம் கூசாமல் பேசியவன், சொந்த வீட்டுச் சமையலறை வாசலில் போய் நின்றால் வாய் ஒட்டிக்கொள்கிறது.

தங்கள் துறையில் மேசை நாற்காலிகள் ஆடாமல் நிற்கவும், கடிகாரங்கள் சரியான நேரம் காட்டவும், தங்கள் வீட்டில் யாரும் நோட்டுப் புத்தகம் எடுக்காமல் இருக்கவும் மனமார வாழ்த்தி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தகவலாளி எண் இரண்டு

பின்குறிப்பு: மேலே கண்ட விலகலிலிருந்து விலகுகிறேன். நாலு பிற்பகல் அலைந்து, ஐந்தாவது பழைய சாமான் கடையில் குவளையைக் கண்டுபிடித்துவிட்டேன். விளிம்பில் ஒரு நசுங்கல், அவ்வளவுதான். வீட்டுக்குக் கொண்டுவந்து மறுபடி அளந்ததில் குவளை சரியாகவே இருக்கிறது. மிகச் சரியாகக் கால் லிட்டர். பிழை என் அளவுசாடியில். சிவப்புச் சீட்டைச் சுரண்டி எடுத்துவிட்டேன். கடிதத்தை இன்னும் உறையில் போடவில்லை, சாப்பாட்டு மேசைமேல் விரித்து, பறக்காமலிருக்க அந்தக் குவளையையே மேலே வைத்திருக்கிறேன். அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது படித்துவிட்டால் அதற்கு நான் பொறுப்பல்ல.

பேராசிரியர் அம்மாவுக்கு, இது தகவலாளி எண் ஒன்று எழுதுவது. உங்கள் இரண்டாம் எண்ணிடம் தயவுசெய்து சொல்லுங்கள்: அந்தக் குவளை பதினெட்டு மில்லி குறைவுதான். வாங்கின மாதமே எனக்குத் தெரியும். அதனால்தான் இருபத்தாறு வருஷமாக எப்போதும் குவித்து அளக்கிறேன். ஒருநாளாவது பக்கத்தில் வந்து நின்றிருந்தால் அவருக்கும் தெரிந்திருக்கும். அவர் சாடியில் ஒரு பிழையும் இல்லை. கூடப் பிறந்த தங்கைக்கு ஆறு கிராம் விட்டுக்கொடுக்காத மனுஷன், எனக்காகப் பதினெட்டு மில்லி பொய் எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். படித்துவிட்டு நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன். அதைச் சொல்ல வேண்டாம். டீ போட்டு வைத்திருக்கிறேன், ஆறுகிறது என்று மட்டும் சொல்லுங்கள். வேண்டாம், இருங்கள். நானே போய்ச் சொல்லிக்கொள்கிறேன்.

பின்னிணைப்பு 3. தகவலாளிகள் இருவரின் ஒப்புதலோடு இணைக்கப்படுகிறது. மன்னிப்பு: 1 (பொய்யாக, எழுத்து மூலம்). நேரடிச் செய்தி: டீ குடிக்கப் போனவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருப்பதால் எண்ணி முடிக்கவில்லை. பார்வையாளர் எதிலும் தலையிடவில்லை. தபால்தலை மட்டும் ஒட்டினேன். அது தலையீடு என்றால் மதிப்பெண்ணில் கழித்துக்கொள்ளவும், மேடம்.